சொந்தப் பாட்டோடு கிளம்புகிறவர்களுக்கு: எழுதுவதில் தொடங்கி ராயல்டி வரை

சொந்தமாக எழுதி, மெட்டமைத்து, தானே பாடுகிற ஒருவரிடம் நம் ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எந்தப் படத்துக்கு?" என்பதுதான். தமிழில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகிப் பல தலைமுறைகள் போய்விட்டன. ஆனால் வேறு வழியும் இருந்துகொண்டேதான் வந்திருக்கிறது. 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி & நட்சத்திரா குழுவின் தமிழ் ராப் ஆல்பம் வந்தது. 2012இல் ஹிப்ஹாப் தமிழா தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு சென்னையில் மேடையேறி கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒன்றாகக் கொட்டி முழக்கியது.

இன்று ஒரு பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு லேப்டாப்பும் சில ஆயிரம் ரூபாயும் போதும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது அங்கே இல்லை. பாட்டு தங்களுடைய சொத்து என்பதை மறந்துவிடுகிறார்கள். "எப்படியாவது நாலு பேர் காதில் விழட்டும், சினிமாவில் யாராவது கூப்பிடட்டும்" என்ற அவசரத்தில் உரிமையைக் கைநழுவ விடுகிறார்கள். அதனால்தான் இந்த வழிகாட்டியில் மைக்கைவிடக் காகிதத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். காகிதம் ஒழுங்காக இருக்கிறவர்தான் பத்து வருடம் கழித்தும் பாடிக்கொண்டிருப்பார்.

முதலில், கருவியில்லாமல் பாடிப் பாருங்கள்

பீட் போட்டுவிட்டு அதன்மேல் வரி எழுதும் பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. தவறில்லை. ஆனால் ரெக்கார்டிங்குக்குப் போகும் முன் கருவி எதுவும் இல்லாமல், வெறும் தாளம் தட்டி, பல்லவியையும் ஒரு சரணத்தையும் யாரிடமாவது பாடிக் காட்டுங்கள். மறுநாள் அவர் பல்லவியின் முதல் வரியை முணுமுணுத்தால் பாட்டு நிற்கிறது என்று பொருள். இல்லையென்றால் திரும்ப மெட்டில் உட்காருங்கள். மிக்ஸிங்கில், அதாவது பதிந்த ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் கட்டத்தில், எதையும் காப்பாற்ற முடியாது.

தமிழில் எழுதும்போது குறில், நெடிலைக் கவனியுங்கள். நீண்ட சுரத்தில் குறிலைப் போட்டு இழுத்தால் சொல்லே மாறிப்போகும். 'மலை' என்று எழுதி முதல் எழுத்தை இரண்டு மாத்திரைக்கு மேல் இழுத்தால் கேட்பவர் காதில் 'மாலை' விழும். தத்தகாரத்தில் (சொல்லில்லாத 'தன்னன தானா' ஓசையில்) மெட்டைப் பிடித்துக்கொண்டு பிறகு சொல் போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். நீளும் சுரங்களைத் தாளில் குறித்துவைத்து அங்கே நெடில் விழும்படி வரியைத் திருத்துங்கள். ஒற்றில் முடியும் சொல்லை இழுக்க வேண்டியிருந்தால் உயிரிலேயே நின்றுவிட்டுக் கடைசியில் ஒற்றைத் தொடுங்கள். 'ன்'னிலும் 'ல்'லிலும் நிற்கப் போனால் குரல் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது சுருதி. பிடித்த பாடகர் எந்தக் கட்டையில் பாடினார் என்பது உங்களுக்கு முக்கியமில்லை. பாட்டிலேயே உயரமான இடம் பெரும்பாலும் சரணத்தில் இருக்கும். அந்த இடத்தை மூன்று முறை தொடர்ந்து பாடிப் பாருங்கள். மூன்றாவது முறையும் தொண்டை இறுகாமல் வந்தால் அது உங்கள் கட்டை. வரவில்லையென்றால் அரைக் கட்டை இறக்குங்கள். கிடார் வாசிப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த கார்டுகளுக்காகத் தொண்டையை வருத்திக்கொள்வதைப் பார்க்கிறேன். கிடார் கழுத்தில் மாட்டிச் சுருதியை மாற்றும் கேப்போ இருப்பதே அதற்குத்தான்.

வரி யாருடையது, மெட்டு யாருடையது

பாரதியார் பாடலுக்கு மெட்டுப் போட்டுத் தொடங்குகிறவர்கள் நிறைய. தாராளமாகச் செய்யலாம். அவருடைய படைப்புகள் 1949இலேயே நாட்டுடைமையானவை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அந்த வரிகளுக்கு இன்னொரு இசையமைப்பாளர் படத்திலோ ஆல்பத்திலோ போட்ட மெட்டு நாட்டுடைமை இல்லை. நம் காதில் ஊறிப்போன மெட்டுகள் பலவும் அப்படிப்பட்டவைதான். சொந்த மெட்டு என்றால் முழுக்கச் சொந்தமாக இருக்கட்டும். சங்கப் பாடல்களுக்கும் இதே கணக்குதான்.

இந்தியச் சட்டப்படி வரிக்கும் இசைக்கும் பதிப்புரிமை, படைத்தவர் வாழ்நாள் முழுக்கவும் அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஆகவே "பழைய பாட்டுதானே" என்ற ஊகத்தில் எதையும் எடுத்துக் கையாளாதீர்கள். நாட்டுப்புறப் பாட்டு என்றால் கூடுதலாக ஒன்று. ஊரில் ஒரு அம்மாவிடம் கேட்டு எழுதிய தாலாட்டையோ ஒப்பாரியையோ பயன்படுத்தினால் அவர் பெயரைப் போடுங்கள், வருவதில் பங்கும் கொடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் இதைச் செய்ய வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பதிவு

முதல் பாட்டுக்குப் பெரிய ஸ்டுடியோ வேண்டாம். ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக், ஒரு ஹெட்போன் போதும். ஓசை அடங்காத வீட்டில் கண்டென்சர் மைக்கைவிட ஷூர் எஸ்எம்58 மாதிரியான டைனமிக் மைக் நல்லது. தெருவில் போகும் காய்கறி வண்டியையும் பக்கத்து வீட்டுக் குக்கரையும் அது குறைவாகவே பிடிக்கும். ஃபேனை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜ் இல்லாத அறையைத் தேர்ந்தெடுங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் எதிரில் நின்று பாடுங்கள். வெறும் சுவர் எதிரொலிப்பதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுக்க எடுக்க முடியாது.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். குரலின் உச்சம் மீட்டரில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். பதிவு மென்பொருளில், மேக் கணினிக்குக் கராஜ்பேண்ட் இலவசம். மற்றவர்களுக்கு ரீப்பர் மலிவானது. மிக்ஸிங்கையும் மாஸ்டரிங்கையும் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி மெருகு) மட்டும் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கையில் உள்ள பணத்தில் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான், வீடியோ இல்லை. மாஸ்டரை, அதாவது பாட்டின் இறுதிப் பதிவை, அளவுக்கு மீறிச் சத்தமாக்கச் சொல்லாதீர்கள். ஸ்பாட்டிஃபை சாதாரணமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடும். நசுக்கிய பாட்டு அங்கே நசுங்கியபடியே கேட்கும்.

வேலை முடிந்ததும் நான்கு கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்: முழுப் பாட்டு, குரல் இல்லாத இசை, குரல் மட்டும், தனித்தனிக் கருவிகளின் ஸ்டெம்ஸ். மேடையில் டிராக் போட, விளம்பரத்துக்கோ வெப் சீரிஸுக்கோ கொடுக்க, பின்னாளில் ரீமிக்ஸ் செய்ய இவை தேவைப்படும். அன்றைக்குப் போய்க் கேட்டால் அந்த ஹார்ட் டிஸ்க் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

வெளியிடும் முன் எழுதிக் கையெழுத்திட வேண்டியது

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் நிலம் மாதிரி. அதைப் பாடிப் பதிந்த மாஸ்டர், நிலத்தின்மேல் கட்டிய வீடு. அதே நிலத்தில் நாளை வேறொருவர் வேறு வீடு கட்டலாம், அப்போதும் நிலத்துக்குரிய வருமானம் உங்களுக்கு வரும். வீட்டை ஒருவருக்கு விற்றாலும் நிலத்தைச் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட வேண்டிய அவசியமில்லை. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் எந்த ஒப்பந்தத்தையும் உங்களால் பாதி படித்துவிட முடியும்.

நண்பர்களோடு சேர்ந்து பாட்டுப் பண்ணும்போது பங்கு பேசக் கூச்சப்படுகிறோம். பாட்டு ஓடாதவரை பிரச்சினையும் இல்லை. ஓடினால்தான் "அந்த ஹூக் (மனதில் ஒட்டிக்கொள்ளும் வரி) என்னுடையது" என்ற பேச்சு எழும். 2021இல் உலகம் முழுக்கப் பரவிய 'என்ஜாய் எஞ்சாமி' என்ற தமிழ்த் தனிப்பாடலை யார் எழுதினார்கள், யார் மெட்டமைத்தார்கள் என்பது 2022 செஸ் ஒலிம்பியாட் மேடைக்குப் பிறகு பொதுவெளியில் விவாதமானது பலருக்கும் நினைவிருக்கும். புகழ்பெற்றவர்களுக்கே அந்த நிலை என்றால் புதியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அதற்குத்தான் ஸ்ப்ளிட் ஷீட். ஒரு பக்கம் போதும். பாட்டின் பெயர், தேதி, வரி எழுதியவர்கள், மெட்டமைத்தவர்கள், ஒவ்வொருவரின் சதவீதம், மாஸ்டர் யாருக்குச் சொந்தம், அதில் யாருக்கு எவ்வளவு, யார் பெயர் எந்த வரிசையில் வரும். எல்லோரும் சட்டப்படியான முழுப் பெயரில் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு முடிந்த அன்றே செய்துவிடுங்கள். மகிழ்ச்சியாக இருக்கும் நாளில் பேசினால் பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம் இது.

மியூசிக் புரொட்யூசரையும் வாத்தியக்காரர்களையும் இதில் மறக்காதீர்கள். ஒலிப்பதிவை முன்னெடுத்து, அதற்குப் பொறுப்பேற்றவரைத்தான் சட்டம் அதன் தயாரிப்பாளர் என்கிறது. செலவு செய்து முன்னின்று நடத்தியது நீங்கள் என்றால் மாஸ்டர் உங்களுடையது, அதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கால்ஷீட்டுக்குப் பணம் வாங்கி வாசித்தவரிடம் "முழுத் தொகை பெற்றுக்கொண்டேன், பதிவை வெளியிடச் சம்மதம்" என்று ஒரு வரியாவது வாங்குங்கள். இணையத்தில் பீட் வாங்கினால் அது எல்லோருக்கும் விற்கப்படும் லீஸா, உங்களுக்கு மட்டுமேயான உரிமையா என்று பாருங்கள். லீஸ் பீட்டில் செய்த பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (பாட்டைத் தானாக அடையாளம் கண்டு உரிமைகோரும் முறை) சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அதே பீட்டை வாங்கிய மற்றவர்களின் வீடியோக்கள் மீதெல்லாம் உங்கள் பெயரில் உரிமைகோரல் பாயும்.

பதிப்புரிமை படைத்த கணமே வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் தகராறு என்று வந்தால் பதிவுச் சான்றிதழ் கைகொடுக்கும். மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். வரிக்கும் இசைக்கும் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000 ரூபாய். எல்லாப் பாட்டுக்கும் முடியாவிட்டால் நீங்கள் அதிகம் நம்பும் பாட்டுகளுக்காவது செய்யுங்கள்.

வெளியீடு

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் போன்றவற்றில் நேரடியாகப் பாட்டைப் போட முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோகஸ்தர் வழியாகத்தான் போக வேண்டும். சிலர் ஆண்டுச் சந்தா வாங்குவார்கள், சிலர் பாட்டுக்கு ஒருமுறை கட்டணம், சிலர் வருமானத்தில் பங்கு. சேரும் முன் ஒன்றைப் பாருங்கள்: சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடுமா? ஆண்டுக்கு ஒரு பாட்டு விடுகிறவருக்கும் மாதம் ஒன்று விடுகிறவருக்கும் பொருத்தமான ஏற்பாடு ஒன்றில்லை.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட அடையாளம் உண்டு. விநியோகஸ்தரே கொடுப்பார். அதைக் குறித்துவையுங்கள். பின்னால் விநியோகஸ்தரை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்புக் கணக்கு தொடர வாய்ப்பிருக்கும். புது எண் கொடுத்தால் பாட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. நம் ஊரில் ஒற்றைப் பெயரும் இனிஷியலும் வழக்கம். அதே பெயரில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், உங்கள் பாட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காரும். எல்லாத் தளத்திலும் தேடிவிட்டு வேறு யாருக்கும் இல்லாத பெயரை வையுங்கள். ஆங்கில எழுத்தில் அதன் ஸ்பெல்லிங்கை ஒருமுறை முடிவு செய்தபின் மாற்றவே கூடாது. ழகரம் உள்ள பெயர்கள் இங்கேதான் மூன்று விதமாகச் சிதறும்.

வெளியீட்டு நாளுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே பாட்டை ஏற்றிவிடுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம், கோப்பு வேவ் வடிவம். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கில் நுழைந்து பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டை முன்மொழியலாம், கட்டணம் இல்லை. வெளியீட்டுக்கு குறைந்தது 7 நாள் முன்பு முன்மொழிந்தால் உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ரேடார் பட்டியலில் அந்தப் பாட்டு போய்ச் சேரும். இன்று முடித்து நாளை வெளியிடுகிறவர்கள் இந்த வாய்ப்பைத் தாங்களே எரித்துவிடுகிறார்கள்.

காசு கொடுத்தால் இத்தனை ஆயிரம் கேட்புகள் என்று இன்ஸ்டாகிராமில் வரும் ஆட்களை அண்டவிடாதீர்கள். செயற்கைக் கேட்பு பிடிபட்டால் ஸ்பாட்டிஃபை விநியோகஸ்தருக்கு அபராதம் போடுகிறது. அவர் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டையும் இறக்கலாம்.

ராயல்டி எங்கிருந்தெல்லாம் வரும்

விநியோகஸ்தர் தருவது மாஸ்டருக்கான பணம் மட்டும். வரி, மெட்டுக்கான ராயல்டி தனி ஓடை. அதைத் திரட்டித் தருவது ஐபிஆர்எஸ். 1969இல் தொடங்கிய இந்தச் சங்கத்தில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற இரண்டு தகுதியிலும் நீங்கள் சேரலாம், சேர்ந்தபின் ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு பதிய வேண்டும். ஸ்ப்ளிட் ஷீட்டில் உள்ள சதவீதமும் இங்கே பதிவதும் ஒன்றாக இருக்கட்டும். உறுப்பினராகிவிட்டுப் பாட்டைப் பதியாமல் இருந்தால் பணம் உங்களைத் தேடி வராது. பாடுகிறவர் என்ற முறையில் சேர வேண்டியது இஸ்ரா என்று தொடங்கி இப்போது இசாம்ரா என்று அழைக்கப்படும் பாடகர்கள், இசைக்கலைஞர்களின் சங்கம்.

ஸ்ட்ரீமிங் வருமானம் குறித்து ஆசைகாட்ட மாட்டேன். ஸ்பாட்டிஃபையில் ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான தொகை கிடையாது, மொத்த வசூலில் உங்கள் கேட்புகளுக்குரிய பங்குதான். 2024 முதல் முந்தைய 12 மாதங்களில் 1000 கேட்புகளைத் தொடாத பாட்டுக்கு எதுவும் இல்லை. யூடியூபில் விளம்பரப் பங்குக்கு 1000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4000 மணிநேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். இந்தியாவில் சந்தா மலிவு, அதனால் இங்குள்ள கேட்புக்குக் கிடைப்பதும் குறைவு. டொராண்டோவிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழர்களின் கேட்பு அதிகம் ஈட்டும். எந்த ஊரில் கேட்கிறார்கள் என்பதைத் தளமே காட்டும். அந்த எண்களை மாதம் ஒருமுறை பாருங்கள். உங்களுக்குத் தெரியாமலே ஓர் ஊரில் நூறு பேர் சேர்ந்திருக்கலாம், அடுத்த நிகழ்ச்சி அங்கே நடக்கலாம்.

நேரடியாக ஆதரிக்க விரும்புகிறவர்களுக்கு பேண்ட்கேம்பில் ஒரு பக்கம் வையுங்கள். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம், மீதியில் பணப்பரிமாற்றக் கட்டணம் போக உங்களுடையது.

அமெரிக்க நிறுவனங்களிடமிருந்து பணம் வரும்போது டபிள்யூ-8பென் என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். தவிர்க்காதீர்கள். நிரப்பினால் அமெரிக்காவில் ஈட்டிய ராயல்டிக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள், இல்லையென்றால் 30 வரை போகும். பான் கார்டும், பாட்டு வருமானத்துக்கென்று தனி வங்கிக் கணக்கும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

மேடை

ஆரம்ப வருடங்களில் சோறு போடப் போவது பெரும்பாலும் மேடையும், மேடையை ஒட்டிய வேலைகளும்தான்: டிராக் பாடுவது (வேறு பாடகருக்கு முன்மாதிரியாகப் பாடிக்கொடுப்பது), விளம்பர ஜிங்கிள், பயிற்சி வகுப்பு. சென்னையில் இருந்தால் அலியான்ஸ் பிரான்சேஸ் அரங்கு, ஜூன் 21 உலக இசை நாள் நிகழ்ச்சிகள் என்று தனி இசைக்கு இடம் கொடுத்த களங்களைப் பின்தொடருங்கள். முதலில் பார்வையாளராகப் போங்கள். சவுண்ட் இன்ஜினியரையும் ஒருங்கிணைப்பாளரையும் தெரிந்துகொள்ளுங்கள். வாய்ப்புகள் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

நாற்பது நிமிடத்துக்குச் சொந்தப் பாட்டு சேரும்வரை தனி நிகழ்ச்சி ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒப்புக்கொண்டால் தொகை, முன்பணம், பயணம், சாப்பாடு, மைக் எத்தனை, மானிட்டர் (உங்கள் குரலை உங்களுக்குக் கேட்கவிடும் ஸ்பீக்கர்) உண்டா, எத்தனை மணிக்கு சவுண்ட் செக் என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். "எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்று இலவசமாகக் கூப்பிடும் இடத்தில் டிக்கெட் விற்கிறார்களா என்று கேளுங்கள். விற்றால் உங்களுக்கும் பங்கு உண்டு.

லேபிள் கூப்பிட்டால்

ஒரு பாட்டு கொஞ்சம் ஓடியதும் லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், ஏதாவதிலிருந்து யாராவது ஒப்பந்தத்தோடு வருவார்கள். மகிழுங்கள், ஆனால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அது உரிமை மாற்றமா, குறிப்பிட்ட காலத்துக்கான உரிமமா என்று பாருங்கள். மாஸ்டரை மட்டும் கேட்கிறார்களா, வரியையும் மெட்டையும் சேர்த்தா? "நிரந்தரமாக, உலகம் முழுக்க" என்ற சொற்கள் இருந்தால் அதற்கேற்ற விலை இருக்கிறதா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இங்கே உங்களுக்குச் சாதகமாகச் சில விஷயங்களைச் சொல்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படவில்லையென்றால் 5 ஆண்டுகள்தான் என்றும், எல்லை குறிப்பிடப்படவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை திரும்பிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது 2012 திருத்தம். 1977இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, படத்துக்காக எழுதியவர்களின், இசையமைத்தவர்களின் உரிமை தயாரிப்பாளரிடம் போய் முடிவது வழக்கமாகிவிட்டிருந்தது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் வந்த அந்தத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்கள் சமபங்கை யாருக்கும் விட்டுக்கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றலாம். தனி ஆல்பங்களுக்கும் இது பொருந்தும். "எல்லா ராயல்டியையும் துறக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தால் அதைச் சுட்டிக்காட்டி நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுக்கிறவரோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தைப் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்ட ஆகும் செலவை ரெக்கார்டிங் பட்ஜெட்டிலேயே சேர்த்து ஒதுக்குங்கள். அவரிடம் போகும்போது ஸ்ப்ளிட் ஷீட், ஐஎஸ்ஆர்சி எண்கள், ஐபிஆர்எஸ் பதிவு விவரம், பீட் வாங்கிய ரசீது, வாத்தியக்காரர்களின் சம்மதக் கடிதங்கள் எல்லாம் பாட்டுவாரியாக ஒரே கோப்பில் இருக்கட்டும். அந்தக் கோப்பை முதல் பாட்டு வெளியாகும் வாரத்திலேயே திறந்துவிடுங்கள்.